வெளி வாங்கில் இருந்து கேட்டது

கணக்கு வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டத்துக்குப் படிக்கலாமா என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம். எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர நான் ஆள் இல்லை. நான் படித்த புத்தகங்களை இன்று ஒருவரும் திறப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்த விதத்தை உங்களுக்குச் சொல்லலாம். பட்டமளிப்பு விழாப் படம் என் வீட்டுச் சுவரில் இல்லாததை வந்து போன சிலர் கவனித்தீர்கள். அடக்கமான மனுஷன் என்று நினைத்திருப்பீர்கள். அதை மாட்ட எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் முற்பகுதி. மட்டக்களப்பு நகரில் வாவியோரமாக இருந்த ஓர் அரச கூட்டுத்தாபனத்தின் பிராந்தியக் கந்தோரில் நான் உதவிக் கணக்காளராக இருந்தேன். நெல்லை வாங்கிக் குற்றி அரிசியாக அனுப்புவதுதான் எங்கள் வேலை. ஆலை வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்தது. கணக்கெல்லாம் இந்தப் பக்கம்.

எனக்கு மேலே இருந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். கணக்காளர் என்றே சொல்கிறேன். ஐம்பதை நெருங்கிய மனிதர். எழுதுவினைஞராக உள்ளே வந்து, வெளிவாரியாகப் பரீட்சை எழுதி எழுதி அந்த நாற்காலிக்கு ஏறியவர். ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருக்க மாட்டார். கந்தோருக்குச் சைக்கிளில்தான் வருவார். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதை நான் கேட்டதில்லை. பிழை விட்டவனுடைய மேசைக்குத் தானே போய், கதிரையை இழுத்துப் போட்டு, பக்கத்தில் இருந்து சொல்லுவார்.

அந்த நேரம் தலைமைக் கந்தோரில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிராந்திய நிதி முகாமையாளர் என்று புதிதாக ஒரு பதவி வரப்போகிறது, அதற்கு வணிக முகாமைத்துவத்தில் முதுநிலைப் பட்டம் வேண்டும், கணக்கியல் சிறப்புப் பாடமாக இருக்க வேண்டும் என்று. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம் வேலை பார்ப்பவர்களுக்காக வார இறுதி வகுப்புகள் தொடங்கியிருந்தது. எங்கள் கந்தோரில் விண்ணப்பித்தது இரண்டே பேர், அவரும் நானும். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

இரண்டு வருஷம் ஒன்றாகவே ரயில் ஏறினோம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் ஒரே அறையில் படுத்தோம். மாவில்லாமல் பாண் தட்டுப்பாடான காலம். அவருடைய மனைவி அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் கட்டித் தருவார், இரண்டு பேருக்கும் சேர்த்து. வகுப்பில் எங்களை அப்பனும் மகனும் என்று பகிடி பண்ணினார்கள். பகிடிக்குக் காரணம் இருந்தது. விரிவுரையில் எனக்கு விளங்காததை நான் அவரிடம் கேட்பேன். ஆங்கிலத்தில் எழுந்து ஏதாவது கேட்க வேண்டி வந்தால் அவர் என் முழங்கையைத் தட்டுவார், அவருக்காக நான் கேட்பேன். எழுத்தில் அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. நாலு பேர் பார்க்கப் பேச வேண்டி வந்தால்தான் சொல் வராது. காது சிவந்துவிடும். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

எழுத்துப் பரீட்சைகள் எல்லாவற்றிலும் இரண்டு பேரும் தேறினோம். அவருடைய புள்ளிகள்தான் கூடுதல். கடைசியாக மிஞ்சியது ஆய்வறிக்கை. அதை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் இருந்து ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேருமே எங்கள் ஆலையைத்தான் எடுத்திருந்தோம். அவர் உற்பத்திச் செலவைப் பற்றி எழுதினார். நான் அதே ஆலையின் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி எழுதினேன்.

அன்று காலை எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் பின் ஒருவராக நேரம் தந்திருந்தார்கள். நீளமான விறாந்தை. சுவரோரம் காத்திருப்பவர்கள் இருக்க ஒரு நீள வாங்கு போட்டிருந்தது. அறையின் ஜன்னல் அந்த வாங்குக்கு நேர் மேலே இருந்தது. வெக்கைக்குத் திறந்து விட்டிருந்தார்கள். அவர் உள்ளே போனார். நான் வாங்கில் இருந்தேன்.

முதல் சில கேள்விகளுக்குச் சமாளித்துவிட்டார். பிறகு குழுவின் தலைவர் கேட்டார்: "இரண்டு போகத்துக்கும் இடையில் உங்கள் ஆலை சும்மா கிடக்கிறது. அந்த மாதங்களின் செலவை எந்த அரிசியின் தலையில் போடுகிறீர்கள்?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கேள்விக்குப் பதிலை நான் அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எந்த அரிசியின் தலையிலும் போடக் கூடாது என்பார். சும்மா கிடந்ததற்கு ஆகும் செலவு அரிசியின் விலை இல்லை, அது நட்டம். அதைத் தனியாகக் காட்டு, இல்லாவிட்டால் வேலை நடந்த மாதங்கள்மேல் பழி விழும், ஆலை ஏன் சும்மா கிடந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பார். படுவான்கரைக்குத் தோணியில் போகும்போதுகூட அதைத்தான் சொல்லிக்கொண்டு வருவார்.

உள்ளே சத்தமில்லை. பிறகு அவருடைய குரல். "அது வந்து, சேர், அது..." என்று ஆங்கிலத்தில் தொடங்கி நின்றது. திரும்பத் தொடங்கியது. திரும்ப நின்றது. எழுந்து விறாந்தையின் மற்ற முனைக்குப் போ என்று என் மனம் சொன்னது. நான் எழும்பவில்லை. அவர் எப்படியாவது சொல்லிவிடுவார் என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு இது தெரியும் சேர். தமிழில் சொல்ல அனுமதிப்பீர்களா?" என்று கேட்டார்.

"பரீட்சை மொழி ஆங்கிலம்" என்றார் தலைவர். வேறு யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. சங்கடத்தில் வந்த சிரிப்பாகவும் இருக்கலாம். பிறகு கதிரை நகரும் சத்தம்.

வெளியே வந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் இருந்த லேஞ்சியால் துடைத்துக்கொண்டே நின்றார். நான் எழும்பினேன்.

"எப்பிடி சேர்?"

"பெரிசா ஒண்டும் கேக்கல்ல தம்பி. நல்லாத்தான் போச்சு. நீங்க பயப்பிடாமப் போங்க." சொல்லிக்கொண்டே என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து விட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். "எனக்குக் கேட்டது, சேர்" என்று மூன்று சொல். எங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தது. ஒருவரும் என்னை இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் நல்லாத்தான் போச்சு என்று அவர் சொன்ன பிறகு, இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். சொல்லாமல் விடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

உள்ளே எனக்கு முதல் கேள்வியே அதுதான் வந்தது. ஒரே ஆலை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தார்களோ என்னவோ. தலைவர் ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்டார்.

வாயைத் திறந்தேன். பதில் நாக்கு நுனியில் நின்றது. அந்தப் பதில் என்னுடையது இல்லை என்பதும் அதே நேரம் தெரிந்தது. அந்த மனிதர் சொல்ல முடியாமல் திணறியதை வெளியே இருந்து கேட்டுவிட்டு, அவருடைய பதிலையே இங்கே சொல்லி நான் தேறிப் போவதா? நேர்மையான வழி ஒன்று எனக்குப் பட்டது. இப்போது நான் சொல்லப் போவதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த வழி அந்த நேரம் மிகவும் சரியாகத் தெரிந்தது.

"சேர், ஜன்னல் திறந்திருந்தது. இந்தக் கேள்வியை நான் வெளியே இருந்து கேட்டேன். எனக்கு முன்னால் வந்தவர் என் மேலதிகாரி. இதற்கு நான் சொல்லக்கூடிய பதில் அவரிடம் நான் படித்ததுதான். அவருக்குப் பதில் நன்றாகத் தெரியும். எனக்கு வேறு கேள்வி கேளுங்கள்" என்றேன்.

அவர்கள் என்னைப் பார்த்த விதத்தில் மதிப்பு இருந்தது. அதை நான் கண்டேன். கண்டு மனம் குளிர்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் நேர்மையை நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு கேட்டது?" என்றார் தலைவர்.

"எல்லாம் கேட்டது, சேர்."

அவர் ஒழுங்குமுறையில் மிகக் கண்டிப்பானவர். ஒரு பரீட்சார்த்தியின் பேச்சு இன்னொருவருக்குக் கேட்டுவிட்டது என்றால் இரண்டு பேரையும் வைத்தே தீர்க்க வேண்டும் என்று நினைத்திருப்பார். மணியை அடித்துப் பியூனிடம், முதலில் வந்தவரைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னார்.

இது நடக்கும் என்று நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

கணக்காளர் உள்ளே வந்தார். முகத்தில் சின்னச் சிரிப்பு இருந்தது. திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றால் ஏதோ நல்லதுக்குத்தான் என்று நினைத்து வந்திருக்கிறார். நான் இன்னும் கதிரையில் இருந்தேன். அவருக்கு இருக்கக் கதிரை இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"உங்கள் உதவியாளர் வெளியே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்" என்றார் தலைவர். "பதில் உங்களுக்குத் தெரியும் என்கிறார். உங்களுக்கு இன்னொரு சந்தர்ப்பம் தர நாங்கள் தயார். எங்கள் குழுவில் இருக்கும் இவருக்குத் தமிழ் விளங்கும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தமிழிலேயே சொல்லுங்கள்."

அவர் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துவிட்டவனை ஒரு மனிதன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார். காது சிவந்திருந்தது. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"நன்றி சேர். எனக்குத் தந்த நேரத்தில் நான் பதில் சொல்லவில்லை. இன்னொருவர் சொல்லி வாங்கித் தந்த நேரத்தில் சொல்ல நான் விரும்பவில்லை" என்றார்.

ஒரு இடத்திலும் தடங்கல் இல்லாமல், அருமையான ஆங்கிலத்தில் சொன்னார். தலையைக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

எனக்கு வேறு கேள்விகள் கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பின்னேரம் முடிவு சொன்னார்கள். நான் தேறிவிட்டேன். அவர் தேறவில்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பக் குழுவின் முன்னால் வரலாம்.

அடுத்த நாள் காலை பகல் வண்டியில் ஊர் திரும்பினோம். வழக்கம்போல அவர்தான் இரண்டு பேருக்கும் ரிக்கற் எடுத்தார். எதிரும் புதிருமாக இருந்தோம். மாகோ ரயில் நிலையம் தாண்டியது. கட்டி வந்த சாப்பாட்டை அவிழ்த்து எனக்கும் பங்கு வைத்தார். எனக்கு இறங்கவில்லை.

"சேர், நான் உங்களுக்கு நல்லது செய்யிற எண்டுதான் சொன்னன்" என்றேன் கடைசியில்.

"தெரியும்."

"நீங்க பதிலச் சொல்லியிருக்கலாமே சேர். அவங்கதான் தமிழில சொல்லச் சொன்னாங்களே."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காடு ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் அந்தக் கேள்விக்கு முழிச்சத நீங்க கேட்டது எனக்குப் பெரிசில்ல. என்ட வாய் எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஆனா நான் வெளிய வந்து உங்களிட்ட நல்லாத்தான் போச்சு எண்டு சொன்னன். அது பொய் எண்டு தெரிஞ்சிக்கொண்டு தலைய ஆட்டினீங்க. மறுகா உள்ள போய் அவங்களிட்ட உண்மையச் சொன்னீங்க. அந்த உண்மைய முதல் என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்கு நோகும் எண்டு..."

"இப்ப நோகல்லயா?"

அதைக் குரல் உயர்த்தாமல்தான் கேட்டார். மட்டக்களப்பு வரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

உங்கள் வேலையில் மற்றவருடைய பிழை உங்கள் கைக்கு வந்துகொண்டே இருக்கும். அதை மேலே சொல்லத்தான் வேண்டும், மூடி மறைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் மேலே சொல்வதற்கு முதல் அந்த ஆளிடம் போங்கள். கதவைச் சாத்திவிட்டு, எனக்கு இது தெரியும், இதை நான் சொல்லப் போகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் ஆள் முன்னால் நேர்மையாக இருப்பது சுகம். பாராட்டுக் கிடைக்கும். சம்பந்தப்பட்டவர் முன்னால் தனியே நின்று சொல்லத்தான் தைரியம் வேண்டும். அது அன்றைக்கு என்னிடம் இருக்கவில்லை.

அதை நான் கற்றுக்கொண்டேனா என்று பார்க்க அதிக நாள் செல்லவில்லை. அடுத்த கிழமை புளியந்தீவுச் சந்தையில் அவருடைய மனைவியைக் கண்டேன். கையில் மீன் பை.

"தம்பி, முடிவு வந்திட்டாம் எண்டு சொல்லுறாங்க. இவரிட்டக் கேட்டா மறுகா சொல்லுறன் எண்டுட்டுப் போறார். உங்களுக்குப் பாஸாமே. அவருக்கும் பாஸ்தானே?"

அந்த அக்காவின் கையால் இரண்டு வருஷம் சாப்பிட்டவன் நான். தெரியாது என்று சொன்னால் பொய். சொன்னால் திரும்பவும் அதே வேலை.

"அக்கா, அத அவரிட்டத்தான் நீங்க கேக்க வேணும். நான் சொல்லுறது சரியில்ல" என்றேன்.

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அவருக்கும் விளங்கிவிட்டது என்று. சொல்லாமலே சொல்லிவிட்டேன். நேரே கந்தோருக்கு வந்து, கணக்காளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சேர், அக்கா என்னட்டக் கேட்டா. நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா என்ட முகத்தப் பாத்து விளங்கியிருப்பா. அவ வீட்ட போறதுக்கு முதல் உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு வந்தன்."

அவர் எழும்பிச் சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்தார். "நல்லது தம்பி. நான் ஒருக்கா வீட்ட போயிற்று வாறன்" என்றார். அன்று அரை நாள் அவர் வரவில்லை. அவ்வளவு வருஷத்தில் அவர் அப்படிப் போனதை நான் கண்டதில்லை.

நிதி முகாமையாளர் பதவி எனக்குத்தான் வந்தது. வேண்டாம் என்று எழுதினேன். தலைமைக் கந்தோர் கேட்கவில்லை. திருகோணமலைக்காவது மாற்றுங்கள் என்று விண்ணப்பம் எழுதி அவரிடம் காட்டினேன். நான் புதிய பதவியை ஏற்கும்வரை அவர் வழியாகத்தான் அது மேலே போக வேண்டும்.

வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "என்னத்துக்குப் போறீங்க? என்னப் பாக்க வெக்கமா?"

"ஓம் சேர்."

"எனக்கும்தான் வெக்கம். நான் எங்க போற? நான் இங்கதான் இரிக்க வேணும். நீங்களும் இரிங்க."

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு மாதக்கணக்காக அவருக்கு எதிர் அறையில், அவருக்கு மேலான கதிரையில் இருந்தேன். அவர் ஏதாவது கொண்டுவரும் சத்தம் கேட்டால் எழும்பி நானே கதவடிக்குப் போய்விடுவேன். கையொப்பம் வேண்டிய காகிதங்களை அவர் அனுப்புவதற்கு முதலே போய் வாங்கிக்கொள்வேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு விளங்க நாள் எடுத்தது.

ஆறு மாதம் முடிந்து அவர் தனியே கொழும்புக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை, லீவு விண்ணப்பத்தில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்த அன்று காலை கந்தோரில் எல்லாரும் வந்தாகிவிட்டது. அவர் உள்ளே வந்து, தன் அறைக்குப் போகாமல் நடு மண்டபத்தில் நின்றார். எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள்.

"இந்த முறையும் ஏலாமப் போச்சு" என்றார், எல்லாருக்கும் கேட்க. "வேற கேள்வி கேட்டாங்க. பதில் தெரியும். வாய்தான் வரல்ல. முதல் முறையும் இதுதான் நடந்தது."

காத்தான்குடியில் இருந்து தினமும் வேலைக்கு வந்து போன எழுதுவினைஞர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். "அதுக்கென்ன சேர். அடுத்த முறை பாப்பம்."

"இனிப் போக மாட்டன். அந்த வாங்கிலயும் ரெயிலடியிலயும் இருந்து இருந்து என்ட முதுகு போயிற்றுது."

சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ தேத்தண்ணி ஊற்றப் போனார்கள். அந்த மண்டபத்தில் தலை குனிந்து நின்றது நான் ஒருவன் மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் அவர் என் அறைக் கதவைத் தட்டினார். நான் எழும்பப் போனேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். கையில் ஆலையின் மாத அறிக்கை.

"சேர், இதில ஒரு கையொப்பம் வேணும்."

"என்ன சேர் இது. என்னப் போய் சேர் எண்டு..."

"நீங்க ஓடி ஓடி வந்து வாங்கிக்கொண்டு போறதாலதான் எல்லாரும் என்னப் பாக்கிறாங்க. நீங்க அந்தக் கதிரையில இரிங்க. நான் கொண்டுவந்து தாறன். கந்தோருக்குள்ள நீங்க சேர்தான். வெளிய தம்பி."

கையொப்பம் போட்டுக் கொடுத்தேன். "தாங்க் யூ சேர்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது. ஒரு நாளும் உள்ளே அவர் வாய் தவறவில்லை. எனக்கு அந்தச் சொல் பழகவும் இல்லை. வேலை முடிந்ததும் அவர் சைக்கிளை எடுக்கப் போகும் நேரம் பார்த்து நானும் என் மேசையைப் பூட்டிவிடுவேன். என்ன வேலை கிடந்தாலும் சரி. அவருக்குப் பக்கத்தில் நடந்து கேற்றைத் தாண்டி றோட்டுக்கு வருவேன். அங்கே சைக்கிளில் ஏறுமுன் அவர் திரும்பி, "அப்ப வாறன் தம்பி" என்பார்.

அதைக் கேட்ட பிறகுதான் நான் வீட்டுக்குப் போவேன்.